கூட்டுக் குடிநீர்த் திட்டம்: போடப் பணம் உண்டு, பார்த்துக்கொள்ள யார் பணம்?

கேள்வி, 2025 பிப்ரவரி 2

நேற்றைய பட்ஜெட்டில், வீட்டுக்கு வீடு குடிநீர்க் குழாய் தரும் ஜல் ஜீவன் திட்டத்தை 2028 வரை நீட்டித்து, வரும் ஆண்டுக்கு 67,000 கோடி ரூபாய் ஒதுக்கியிருக்கிறார்கள். எங்கள் ஊரில் குழாய் போட்டு நான்கு வருடம் ஆகிறது. வாரத்தில் இரண்டு நாள் தண்ணீர் வந்தால் பெரிது. ஓசியில் கொடுப்பதால்தான் இந்தக் கதி. முழுச் செலவையும் மக்களே கட்டணமாகக் கட்டட்டும், அரசு ஒதுங்கிக்கொள்ளட்டும் என்கிறேன். தவறா?

பிப்ரவரி 2, இரவு 10.40

பாதி தவறு. அந்தப் பாதியிலிருந்து தொடங்குகிறேன்.

"ஓசி" என்ற சொல்லை முதலில் எடுத்துவிடுங்கள். எங்கள் ஊராட்சியில் வீட்டு இணைப்புக்கு மாதம் 30 ரூபாய். கட்டாதவர்கள் உண்டு, ஒரு மாதம் விடாமல் கட்டுபவர்களும் உண்டு. நான் 2020 ஜனவரியிலிருந்து போன மாதம் 5ஆம் தேதிவரை வார்டு உறுப்பினராக இருந்தேன். அந்த ஐந்து வருடத்தில் என் வீட்டுக் கதவைத் தட்டியவர்களில் முக்கால்வாசிப் பேர் தண்ணீருக்காகத்தான் தட்டினார்கள். அவர்களில் ஒருவர்கூட "இலவசமாகக் கொடு" என்று கேட்டதில்லை. "ஒழுங்கா வந்தா அம்பதுகூடக் குடுக்கிறோம் மெம்பரம்மா" என்பதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறேன்.

எங்கள் ஊர் ஒரு கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின், அதாவது பல ஊர்களுக்குச் சேர்த்துத் தண்ணீர் தரும் திட்டத்தின், கடைமடை. ஆற்றில் கிணறு, கரையில் நீரேற்று நிலையம், வழியில் தரைமட்டத் தொட்டி, அங்கே மறுபடி மோட்டார், அப்புறம் அடுத்த தொட்டி, இப்படி வந்து வந்து கடைசியில் எங்கள் மேல்நிலைத் தொட்டி. ஊர்ப் பிள்ளைகள் அதற்குக் "காத்து டேங்க்" என்று பெயர் வைத்திருக்கிறார்கள். தமிழ்நாட்டில் இப்படிப்பட்ட திட்டங்கள் 500க்கும் மேல் ஓடுகின்றன.

இதில் "முழுச் செலவு" என்றால் எதுவரை? நாளை கணக்குப் போட்டு எழுதுகிறேன்.

பிப்ரவரி 3, மாலை

கணக்கு. எங்கள் ஊரில் 600 வீடு, சுமார் 2,400 பேர். ஜல் ஜீவன் அளவுப்படி தலைக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர். ஆக, ஊருக்குத் தினமும் 1,32,000 லிட்டர் வர வேண்டும்.

ஆயிரம் லிட்டரை 100 மீட்டர் உயரம் ஏற்றக் கொஞ்சமும் வீணாகாமல் 0.27 யூனிட் மின்சாரம் போதும். மோட்டாரும் பம்பும் சேர்ந்து 60 சதவீதம்தான் பலன் தரும் என்று வையுங்கள். நிஜ உயரம், நெடுந்தூரக் குழாயின் உராய்வு எல்லாம் சேர்த்து, 150 மீட்டர் ஏற்றுவதற்குச் சமம் என்று வையுங்கள். ஆயிரம் லிட்டருக்கு 0.68 யூனிட் வரும். ஊருக்கு நாளைக்கு 90 யூனிட், மாதம் 2,700. வீட்டுக்கு நாலரை யூனிட். யூனிட் 8 ரூபாய் என்று போட்டால் 36 ரூபாய்.

மின்சாரம் மட்டுமே 36 ரூபாய். நாங்கள் வசூலிப்பது 30. குளோரின், ஆள் சம்பளம், வால்வு, உடைப்பு எதையும் இன்னும் சேர்க்கவில்லை. இந்தக் கணக்கைப் போட்டுவிட்டு நேற்று எழுதியதைத் திரும்பப் படித்தேன். உங்கள் பக்கத்தில் நியாயம் அதிகமோ என்று தோன்றியது.

பிப்ரவரி 3, இரவு

இல்லை. ஒன்றை விட்டுவிட்டேன். ஆற்றில் ஏற்றிய தண்ணீர் முழுதும் எங்கள் தொட்டிக்கு வந்து சேர்ந்ததாக வைத்துப் போட்ட கணக்கு அது. வழியில் 30 சதவீதம் போய்விடுகிறது என்று வையுங்கள். 1,32,000 லிட்டர் வந்து சேர, கிட்டத்தட்ட 1,89,000 லிட்டர் ஏற்ற வேண்டும். வீட்டுக்கு 36 ரூபாய் 51 ஆகிவிடும். குடிக்காத தண்ணீருக்கு வீட்டுக்கு வீடு மாதம் 15 ரூபாய்.

கட்டணத்தை உயர்த்துவதா, கசிவை அடைப்பதா என்று கேட்டால் முதலில் எதைச் செய்ய வேண்டும் என்று சொல்லவே வேண்டியதில்லை. ஆனால் கசிவை அடைக்கும் வேலைக்குத்தான் பணம் வருவதில்லை. புதுக் குழாய்க்கு வரும், புதுத் தொட்டிக்கு வரும். இருக்கிற குழாயில் போட ஒரு ரப்பர் வாஷருக்கு வராது.

பிப்ரவரி 5

"ஒரு சின்ன ஓட்டையில் எவ்வளவு போய்விடப் போகிறது" என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.

ஐந்து மில்லிமீட்டர் துளை. பென்சிலைவிட மெல்லியது. குழாயில் 30 மீட்டர் அழுத்தம், அதாவது 30 மீட்டர் உயரத்தில் நிற்கும் தண்ணீர் தரும் அழுத்தம், இருந்தால் ஒரு நாளில் சுமார் 24,700 லிட்டர் வெளியே போகும். 55 லிட்டர் கணக்கில் 449 பேருக்கான தண்ணீர்.

பிப்ரவரி 6, காலை

குழாய் வேலை பார்க்கும் அன்பர் ஒருவர் திருத்தினார். அவர் சொல்வது சரி. ஊருக்குள் இருக்கும் குழாய்க்கு 30 மீட்டர் அழுத்தம் கிடையாது. தொட்டி உயரம் 12 மீட்டர் என்றால் அதற்கு மேல் அழுத்தம் எங்கிருந்து வரும்? அதுவும் இரண்டு மணி நேரம்தான் திறந்துவிடுகிறார்கள். அதே துளையில் போவது 1,300 லிட்டர், 24 பேருக்கான தண்ணீர். 449 எங்கே, 24 எங்கே.

ஆனால் பிரதான குழாய்க்குப் போங்கள். அங்கே 60 மீட்டர் அழுத்தம், தினமும் 20 மணி நேர ஓட்டம் என்று வைத்தால் அதே துளையில் 29,000 லிட்டர். 500 பேருக்கு மேல். ஆகவே நான் நேற்று சொன்னதைச் சரியான இடத்தில் வைக்கிறேன். ஊருக்குள் கசிவது கண்ணுக்குத் தெரியும், ஊர் திட்டும், யாராவது அடைப்பார்கள். பெரிய இழப்பு முள்காட்டுக்குள், இரண்டு ஊருக்கு நடுவில், எந்த ஊராட்சியும் தன்னுடையது என்று சொல்லாத இடத்தில் நடக்கிறது.

ஊருக்குள் இருக்கும் கசிவையும் லேசாக எடுக்கக் கூடாது. தண்ணீர் நின்றபின் குழாய் காலியாகும்போது, வெளியே கசிந்த அதே துளை உள்ளே உறிஞ்சும். பக்கத்தில் சாக்கடை இருந்தால் சாக்கடையை உறிஞ்சும். 2022ல் எங்கள் தெருவில் ஒரே வாரத்தில் பதினோரு பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு. தோண்டிப் பார்த்தபோது வாய்க்கால் ஓரம் ஒரு பிவிசி குழாயின் ஜாயிண்ட் விலகியிருந்தது. புதுக் குழாய்த் துண்டும் சொல்யூஷனும் வாங்கியதில் ஆயிரம் ரூபாய்கூட ஆகவில்லை.

பிப்ரவரி 8

ஏர் வால்வு பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை.

பெரிய குழாயில் மேடான இடங்களில் காற்று சேரும். அதை வெளியேற்றத்தான் ஏர் வால்வு. எங்கள் ஊருக்கு நாலு கிலோமீட்டர் முன்னால் ரோட்டோரம் ஒன்று இருக்கிறது. செங்கல் தொட்டி, மேல்மூடி உடைந்து போயிற்று. உள்ளே வால்வின் கழுத்தில் எப்போதும் ஒரு விரல் தடிமனுக்குத் தண்ணீர். காலை நாலரைக்குப் போனால் முப்பது குடம் வரிசையில் இருக்கும். தென்னை மட்டையை வெட்டிச் சொருகி, தண்ணீர் குடத்தில் நேராக விழும்படி செய்திருக்கிறார்கள். சுற்றிலும் சேறு, அதில் மாடு நிற்கும் குளம்புத் தடம். அந்தச் சேற்றுத் தண்ணீரே வால்வு மூழ்கும் அளவுக்குத் தேங்கியிருக்கிறது. பம்ப் நின்றால் அது உள்ளே போகும் என்பதை இப்போது நினைத்தாலும் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

உறுப்பினராக இருந்தபோது அதைச் சரிசெய்யச் சொல்லி மனு எழுதி, கையெழுத்து வாங்க அந்த வரிசைக்கே போனேன். ஒரு பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டார். "தாயி, இத அடச்சா நாங்க எங்க போவோம்?" என்றார். அப்போதுதான் தெரிந்தது: அந்தக் குடியிருப்பு திட்டத்திலேயே இல்லை. குழாய் அவர்கள் வாசல் வழியாகத்தான் எங்களுக்கு வருகிறது. அவர்களுக்கு இணைப்புக் கிடையாது.

மனுவைக் கிழிக்கவில்லை, மாற்றி எழுதினேன். வால்வைச் சரிசெய்யுங்கள், அதற்கு முன் அந்தக் குடியிருப்பில் இருக்கும் வீடுகளுக்கு இணைப்புக் கொடுங்கள் என்று. இரண்டும் நடக்கவில்லை. இரண்டும் வேறுவேறு தலைப்பில் வரும் பணமாம். ஒன்று பராமரிப்பு, ஒன்று விரிவாக்கம்.

பிப்ரவரி 9

முந்தைய குறிப்பைப் படித்துவிட்டு "உங்கள் மனுவைக் கவனிக்காத அதிகாரி யார், பெயர் சொல்லுங்கள்" என்று இரண்டு பேர் கேட்டார்கள். சொல்ல மாட்டேன். அவரிடம் பணம் இருந்தும் தராமல் இருந்தால் சொல்லியிருப்பேன். அவருக்கு அந்தத் தலைப்பில் பணமே இல்லை.

பிப்ரவரி 11

பணம் எப்படி வருகிறது என்று கேட்டவர்களுக்கு, ஊராட்சியில் உட்கார்ந்து பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்.

ஜல் ஜீவன் 2019 ஆகஸ்ட் 15ல் அறிவித்த திட்டம். மொத்த மதிப்பீடு 3.60 லட்சம் கோடி. தமிழ்நாடு போன்ற மாநிலங்களுக்கு ஒன்றியம் பாதி, மாநிலம் பாதி. ஊருக்குள் போடும் குழாய்க்கு ஊர்ப் பங்கு 10 சதவீதம், பட்டியல் சாதி, பழங்குடி மக்கள் அதிகமுள்ள ஊர்களுக்கு 5. இது எல்லாம் கட்டுவதற்கு. ஓட்டும் செலவு, அதாவது கரண்ட் பில்லும் ஆள் சம்பளமும், இந்தப் பணத்திலிருந்து எடுக்க முடியாது.

அதற்கு வேறு வழி. 15ஆவது நிதிக்குழு கிராம உள்ளாட்சிகளுக்குத் தந்த மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்று கட்டிவைத்தது. ஐந்து வருடத்தில் நாடு முழுதுக்கும் 1.42 லட்சம் கோடி. நல்ல ஏற்பாடு, மனதாரச் சொல்கிறேன். அப்புறம் மாநில நிதிக்குழு மானியம். ஊராட்சிக்கு மூன்று கணக்கு உண்டு. அதில் இரண்டாம் எண் கணக்கு கரண்ட் பில்லுக்கும் குடிநீர் வாரியத்துக்குக் கட்டும் தண்ணீர்ப் பணத்துக்கும். பஞ்சாயத்துத் தலைவர் பார்ப்பதற்குள் வந்து போய்விடும் பணம் அது.

எங்கள் ஊர் மோட்டார் எரிந்து 19 நாள் தண்ணீர் இல்லாமல் இருந்தபோது மூன்று கணக்கிலுமாக லட்சக்கணக்கில் இருப்பு இருந்தது. ஒன்றில் இருந்தது கரண்டுக்கு. ஒன்றில் இருந்தது ஏற்கெனவே ஒப்புதல் வாங்கிய ரோட்டுக்கு. பொது நிதியில் இருந்ததோ சம்பளத்துக்கே சரியாக இருந்தது. காயில் கட்ட 14,000 ரூபாய். கடைசியில் நான்கு பேர் கைக்காசு போட்டோம். ஒன்றரை வருடம் கழித்துத் திரும்பக் கிடைத்தது.

பிப்ரவரி 11, பின்குறிப்பு

இப்போது, 2025 பிப்ரவரியில், 28 மாவட்டங்களில் ஊராட்சிகளுக்குத் தேர்ந்தெடுத்த ஆட்களே இல்லை. தனி அலுவலர்கள் பார்க்கிறார்கள். நிதிக்குழு மானியமோ முறைப்படி அமைந்த மன்றத்துக்குத்தான் வரும். தேர்தல் தள்ளிப்போவதை அரசியல் செய்தியாகப் படிக்கிறோம், அதன் விளைவு குழாயில் தெரியும்போதுதான் புரியும்.

பிப்ரவரி 14

"அரசு ஒதுங்கட்டும்" என்ற பகுதிக்கு வருகிறேன். ஒகேனக்கல் திட்டத்தை எடுங்கள். 1,928 கோடி, பெரும்பகுதி ஜப்பான் கடன், 2013 மே மாதம் திறந்தார்கள். தர்மபுரி, கிருஷ்ணகிரி மக்கள் தண்ணீரே இல்லாமல் இருந்தார்கள் என்பதற்காகவா அந்தத் திட்டம்? நிலத்தடி நீரில் ஃபுளோரைடு. லிட்டருக்கு ஒரு மில்லிகிராம்தான் இருக்கலாம், வேறு வழியே இல்லையென்றால் ஒன்றரை. அதற்கு மேல் வருடக்கணக்கில் குடித்தால் முதலில் பல் மஞ்சளாகி அரிக்கும், பிறகு எலும்பு வளையும். அந்த ஊரில் ஒருவர் கட்டணம் கட்டவில்லை என்று காவிரித் தண்ணீரை நிறுத்தினால் அவர் பழையபடி போர் தண்ணீர் குடிப்பார். பத்து வருடம் கழித்து அரசு மருத்துவமனைக்கு வருவார். அந்தச் செலவு எந்தக் கணக்கில்?

ஒதுங்கவே முடியாத இடம் இது. யோசிக்க யோசிக்க, இரண்டாம் தேதி "பாதி தவறு" என்று எழுதியதை "முக்கால் தவறு" என்று திருத்தலாம் போலிருக்கிறது.

பிப்ரவரி 16

கொஞ்சம் பின்னால் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஏரிப்பட்டி என்று ஒன்று நம்மிடம் இருந்தது. ஏரியைப் பார்த்துக்கொள்வதற்கென்றே ஒதுக்கிய நிலம். அதன் வருமானம் ஏரிக்குத் தூர் வாரவும் கரை கட்டவும் மட்டும். ஏரி வெட்டியபோதே அதன் சாப்பாட்டுக்கும் வழி செய்துவிட்டார்கள். உத்திரமேரூரில் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு ஏரி வாரியத்துக்கு எப்படி ஆள் தேர்ந்தெடுப்பது என்று சொல்கிறது. ஏரிக்குப் பொறுப்பாக ஒரு குழு, அதன் செலவுக்கு ஒரு நிலம்.

அந்தக் காலம் பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. அந்தக் குடவோலைச் சீட்டில் என் பாட்டனின் பெயர் எழுதப்பட்டிருக்காது, நிலமும் கல்வியும் இருந்தவர்களுக்குத்தான் அங்கே இடம். நான் எடுத்துக்கொள்வது ஒன்றை மட்டும்: ஒன்றைக் கட்டும்போதே அதன் பராமரிப்புக்கு வருமானத்தையும் கட்டிவைப்பது. நம் கூட்டுக் குடிநீர்த் திட்டங்களுக்கு ஏரிப்பட்டி இல்லை. நூற்றுக்கணக்கான கோடியில் திட்டம் போடுகிறோம், திறப்பு விழாவுக்கு மறுநாளிலிருந்து அது வருடா வருடம் கையேந்துகிறது.

பிப்ரவரி 17

"குடிமராமத்து மாதிரி மக்களே செய்யலாமே" என்றவருக்கு: ஏரிக்கரையில் மண் போட ஊர் கூடலாம். 60 மீட்டர் அழுத்தமுள்ள இரும்புக் குழாயில் ஊர் கூடி என்ன செய்வது?

பிப்ரவரி 20

கடன், பத்திரம் பற்றி நிறைய கேள்விகள். சுருக்கமாக. தமிழ்நாடு இதில் முன்னோடி. 2002-03ல் 13 சிறு நகரங்களின் குடிநீர், வடிகால் வேலைகளுக்காகச் சேர்த்து ஒரே கடன் பத்திரம் போட்டு சுமார் 30 கோடி திரட்டினார்கள். தனித்தனியாகப் போனால் ஒரு சின்ன ஊரை எந்த முதலீட்டாளரும் திரும்பிப் பார்க்க மாட்டார். அமெரிக்காவில் 1996லிருந்து குடிநீருக்குச் சுழல் நிதி இருக்கிறது: குறைந்த வட்டிக்குக் கடன், திரும்பி வரும் பணம் அடுத்த ஊருக்கு. நல்ல யோசனை. ஆனால் அதுவும் கட்டுவதற்கும் மாற்றுவதற்கும்தான், அன்றாட ஓட்டச் செலவுக்கு இல்லை. பணக்கார நாட்டிலும் அதே இடத்தில்தான் கை நிற்கிறது.

2023 டிசம்பர் வெள்ளத்தை இங்கே சேர்த்தே சொல்ல வேண்டும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணிக் கரையில் இருந்த நீரேற்று நிலையங்கள் முழுகின. ஊரெல்லாம் தண்ணீர், குடிக்கத் தண்ணீர் லாரியில். ஆற்றோரம் கிணறு வைத்த எந்தத் திட்டத்துக்கும் அது நடக்கலாம். அதற்கென்று கையில் ஒரு தொகை வேண்டும், மோட்டாரும் பேனலும் ஒரு செட் கிடங்கில் வேண்டும்.

பிப்ரவரி 23

எங்கள் டேங்க் ஆபரேட்டர் அண்ணனைப் பற்றி.

வயது 58. காலை ஐந்துக்கு வால்வு திறக்க வருவார். தெருவுக்குத் தெரு நேரம் கணக்கு அவர் தலைக்குள் இருக்கிறது. மேட்டுத் தெருவுக்கு முதலில், பள்ளத் தெருவுக்குக் கடைசியில், இல்லாவிட்டால் மேட்டுக்கு ஏறாது. பிளீச்சிங் பவுடரை வாளியில் கரைத்துத் தெளியவைத்து, தெளிந்த நீரை மட்டும் தொட்டியில் ஊற்றுவார். கடைசி வீட்டுக் குழாயில் தண்ணீர் பிடித்து, குளோரின் அளவு பார்க்கும் குளோரோஸ்கோப்பில் இரண்டு சொட்டு மருந்து விட்டு, மஞ்சள் வருகிறதா என்று வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். கடைசிக் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் இருந்தாக வேண்டும். நிறம் வராத நாளில் முகமே மாறிவிடும்.

இந்த வேலைக்கு அவர் வாங்கும் சம்பளத்தை இங்கே எழுதக் கூச்சமாக இருக்கிறது. நூறு நாள் வேலைக்குப் போனால் கூடுதலாகக் கிடைக்கும் என்பார். ஏன் போகவில்லை என்று கேட்டேன். "சாவி யார்கிட்ட குடுத்துட்டுப் போவேன்?" என்றார்.

பொதுப்பணம் எதற்கு முதலில் போக வேண்டும் என்று என்னைக் கேட்டால் இவருக்கு. பராமரிப்பு என்கிறோமே, அதற்கு எங்கள் ஊரில் இருக்கும் ஒரே ஆள் இவர்.

மார்ச் 1

ஒரு மாதமாக எழுதி என் எண்ணம் வந்து நிற்கும் இடம் இதுதான். ஆற்றிலிருந்து ஊர்த் தொட்டிவரை உள்ள குழாய், மோட்டார், கரண்ட் எல்லாம் மாநிலத்தின் செலவு. வருடா வருடம் பட்ஜெட்டில் தனித் தலைப்பு, வேறு எதற்கும் மாற்றக் கூடாத பணம். புதுத் திட்டம் போடும்போதே பத்து வருடப் பராமரிப்புத் தொகையையும் சேர்த்து ஒதுக்காமல் அடிக்கல் நாட்டக் கூடாது. தொட்டிக்குக் கீழே ஊராட்சி பொறுப்பு. அந்தச் செலவுக்கு மக்கள் கட்டணம் கட்ட வேண்டும், ஏற்றினாலும் கட்ட வேண்டும். அந்தப் பணம் எதில் போயிற்று என்று கிராம சபையில் வரி வரியாகப் படிக்க வேண்டும். கேள்வி கேட்டவர் சொன்னதில் நான் ஏற்கும் பகுதி இந்தக் கடைசிப் பகுதி. கட்டுகிற வீடு கேள்வி கேட்கும், அதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

இதற்கெல்லாம் முன்னால், தொட்டிக்கு எவ்வளவு வருகிறது என்று தெரிய வேண்டும். எங்கள் தொட்டி வாயில் ஃப்ளோ மீட்டர் இருக்கிறது. கண்ணாடிக்குள் பாசி. முள் 2021லிருந்து நகரவில்லை.

மார்ச் 9

நேற்று அளந்துவிட்டோம்.

தொட்டி 60,000 லிட்டர், உள் ஆழம் மூன்று மீட்டர். ஒரு சென்டிமீட்டருக்கு 200 லிட்டர். கயிற்றில் பத்து சென்டிமீட்டருக்கு ஒரு முடிச்சு போட்டு, நுனியில் ஒரு பெரிய நட்டைக் கட்டினேன். வெளியேறும் வால்வை அண்ணன் மூடினார். அவர் மேலே ஏறி கயிற்றை விட்டு முடிச்சு எண்ணினார், நான் கீழே நின்று நேரம் பார்த்தேன். ஒரு மணி நேரத்தில் ஏழு முடிச்சு. மணிக்கு 14,000 லிட்டர். நேற்று தண்ணீர் வந்தது ஆறு மணி நேரம்.

84,000 லிட்டர். பிப்ரவரி மூன்றாம் தேதி நான் போட்ட கணக்கில் 1,32,000. ஆளுக்கு 55 என்று எழுதியிருந்தேன், நேற்று வந்தது 35.

அண்ணன் இறங்கி வந்து சட்டைப் பையிலிருந்து நோட்டை எடுத்தார். வால்வு திறந்த நேரம் எழுதும் அதே நோட்டு. பக்கத்தில் ஒரு கோடு கிழித்து, "வந்தது" என்று தலைப்புப் போட்டு, தேதி எழுதி 84,000 என்று எழுதினேன். மீட்டரை மாற்றும்வரை தினமும் ஒரு மணி நேரம் வால்வை மூடி முடிச்சு எண்ணுவதாகச் சொல்லியிருக்கிறார். ஏர் வால்வுப் பக்கம் இருக்கும் அந்தக் குடியிருப்பில் காலையில் எத்தனை குடம் நிற்கிறது என்று எண்ண நாளை நான் போகிறேன்.